விடும் இடம் இல்லை

“சொல்லுங்க பாணி, சரியா, இல்லையா?” என்று மேலாளர் இம்தியாஸ் கேட்டுவிட்டார். சொல்லத்தான் போகிறேன். இரண்டே எழுத்து. வாயைத் திறந்தால் வந்துவிடும். வந்துவிட்டால், லோசனி ஒரு வரியை நீக்கிச் செய்திருக்கும் இந்தப் புது டிரைவர், மருந்து பம்புகளை ஓட்டுகிற நிரல், சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும், நோயாளிகளின் கட்டிலோரம் நிற்கிற எங்கள் பெட்டிகளுக்குள் இறங்கிவிடும், நாங்கள் மூவரும் கீழே போய் டீ குடிக்கலாம். இந்த அறைக்குத் தாமிரபரணி என்று பெயர். எங்கள் கம்பெனியில் கூட்டம் போடும் அறைகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர். பாலாறு என்ற அறையில் பெயருக்கேற்ப யாரும் இருப்பதில்லை. தாமிரபரணியில் மட்டும் இன்று தண்ணீர் ஓடுகிறது. மேஜைமேல் சோதனைப் பெட்டி, அதில் நான்கு மருந்து பம்புகள், மேலே ஸ்டாண்டில் தொங்கும் இரண்டு பாட்டில்களில் வெறும் குழாய்த் தண்ணீர், குழாய்கள் இரண்டும் போய்ச் சேருவது யாரோ பாத்ரூமிலிருந்து எடுத்து வந்த பச்சை பிளாஸ்டிக் மக்கில். காலையிலிருந்து லோசனி ஒரு பம்பை நிறுத்துவதும் அந்தக் கணமே அடுத்ததைத் தொடங்குவதுமாக இருக்கிறாள். கடைசியாக இரண்டாவது பாட்டிலை ஓடவிட்டு, சுவரில் விழும் வரைபடத்தைக் காட்டி, “பாருங்க, கோடு செத்த மாதிரி படுத்திருக்கு” என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எங்கள் தொழிலில் கோடு படுத்திருந்தால் சந்தோஷம், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வேறு. சொட் என்கிறது மக்கு. சிறிது இடைவெளி. சொட்.

அந்தக் கோடு நினைவகத்தின் கோடு, இடம் வீணாக வீணாக மேலே ஏறுவது. மெமரி என்றே சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் நினைவகம் என்ற சொல்லை உண்டாக்கியவர் யாரோ அவர்மேல் எனக்கு ஒரு பிரியம். நினைவுக்கு ஓர் அகம், ஒரு வீடு. அந்த வீட்டில் யாருக்கும் பட்டா கிடையாது. ஒரு துண்டு இடம் வேண்டுமென்றால் கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல் என்பது கணினியின் அடிமடியில் உட்கார்ந்து இடம் பிரித்துக் கொடுக்கிற அதிகாரி. இடம் கிடைத்ததும் அதன்மேல் ஓர் எண்: எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று. பிடிக்கிறவன் ஒன்றைக் கூட்ட வேண்டும், விடுகிறவன் ஒன்றைக் கழிக்க வேண்டும். எண் பூஜ்யமானால் அந்த இடத்துக்கு யாரும் இல்லை என்று அர்த்தம், கெர்னல் உடனே அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும், ஈரம் காயும்வரைகூடப் பொறுக்காது. மொத்த சாஸ்திரமும் இவ்வளவுதான். பிடித்தவன் விட மறந்தால் இடம் வீணாகத் தேங்கும், தேங்கித் தேங்கிப் பெட்டி மூச்சுமுட்டித் தானாக அணைந்து மறுபடி எழுந்திருக்கும். ஆஸ்பத்திரிகளில் எங்கள் பெட்டிகள் சில வாரங்களுக்கு ஒரு முறை அப்படித்தான் விழுந்தெழுகின்றன, நர்சுகள் திட்டுகிறார்கள். விடக் கூடாதவன் விட்டுவிட்டால் அது வேறு மாதிரி. அதில் பெட்டி விழாது. எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரியே இருக்கும். எனக்குப் பயமாக இருப்பது எப்போதும் இரண்டாவதுதான். என் முழுப் பெயரான கோதண்டபாணி என்றால் கோதண்டம் என்கிற வில்லைக் கையில் பிடித்தவன். பெயரிலேயே ஒரு பிடி, விடுவதற்கு இடம் வைக்காத பெயர்.

“தூங்கிட்டீங்களா, இல்ல இலக்கணம் யோசிக்கிறீங்களா?” என்கிறாள் லோசனி. மீனலோசனி, ஓசூர்க்காரி, என்னைவிட வேகமாகப் படிப்பாள், என்னைவிடக் குறைவாகச் சந்தேகப்படுவாள். “யோசிக்கிறேன்.” “ஒரு வரி பாணி. ஒரே ஒரு வரி. பிடிச்ச இடம் இருக்கு, விடற இடம் எங்கயுமே இல்ல. முழுக்கத் தேடிட்டேன். லீக் அதுதான். எடுத்தேன், கோடு படுத்துடுச்சு. இதுல யோசிக்க என்ன இருக்கு?” எதுவும் இல்லை. அவள் சொல்வது உண்மை. ஒரு பம்ப் மருந்து ஏற்றத் தொடங்கும்போது அதற்கென்று ஓர் இடம், அதன்மேல் ஒரு பிடி, அது நியாயம். அடுத்த வரியிலேயே அதே இடத்தின்மேல் இன்னொரு பிடி. அதற்குக் காரணமும் எழுதவில்லை, அதை விடும் வரியும் எழுதவில்லை. அதற்குப் பதில் அந்த வரியின் தலைக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு குறிப்பு: போயிட்டு வாறேன். எழுதியது எங்களோடு வேலை பார்த்த தேவசகாயம். எழுதிய நாள் அவன் செத்த நாள்.

அதனால்தான் இத்தனை மாதம் யாரும் அதைத் தொடவில்லை. அன்று மாலை ஷேர் ஆட்டோவில், துரைப்பாக்கம் தாண்டும்போது, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்ந்திருக்கிறான், அந்தப் பெண் தூங்குகிறான் என்று நினைத்து இரண்டு முறை தள்ளிவிட்டிருக்கிறாள். மாரடைப்பு. மறுநாள் அவன் கடைசியாக எழுதியது என்ன என்று யாரோ பார்க்கப் போய், இந்தக் குறிப்பைக் கண்டுபிடித்து, மாடி முழுக்கப் பரவிவிட்டது. தெரிஞ்சிருக்குப்பா, போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. இம்தியாஸ் அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நினைவுச் சின்னமாக அந்த வரி நின்றுவிட்டது, பழுதான வரி, ஒவ்வொரு முறை பம்ப் ஓடும்போதும் ஒரு துண்டு இடத்தை விழுங்கிக்கொண்டு. செத்தவன் பெயரில் ஒரு தண்ணீர்ப் பந்தல் மாதிரி, ஆனால் எதிர்த்திசையில். நானும் நம்பினேனா? நம்பவில்லை. சகாயம் விடைபெறுகிற ஆள் இல்லை. அவனுக்கு விடைபெறத் தெரியாது. ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, “வாறேன் மக்கா” என்று கதவைத் தாண்டிப் போவான். கதவு மூடும். நான் திரையைப் பார்க்க மாட்டேன், கதவைப் பார்ப்பேன், ஏனென்றால் அது திறக்கும், தலை மட்டும் உள்ளே வரும், “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் கேட்டியா.” தினமும். அந்த ஒன்று எதுவாகவும் இருக்கும்: நெத்திலி விலை, மகளின் கணக்கு மார்க், கெர்னலில் ஒரு பூட்டைப் போட்ட வரிசை தப்பு என்பது. அன்று மட்டும் கதவு மூடியதோடு சரி. நான் கொஞ்சம் பார்த்தேன். பிறகு திரைக்குத் திரும்பிவிட்டேன். அந்த ஒன்று என்ன என்று இன்றுவரை என் மண்டைக்குள் ஒரு பிடி இருக்கிறது, விடும் இடம் இல்லை.

அவன் நாற்காலியில் இப்போது பிரபஞ்சன் என்று ஒரு பையன் உட்காருகிறான். பெயர் பெரிது, ஆள் ஒல்லி. இடத்தின் எண் அதே, ஜன்னல் அதே, மேஜையில் சகாயம் ஒட்டிய வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கரின் பாதி அதே. போன வாரம் தலை நிமிராமல் அந்தப் பக்கம் பார்த்து, “லேய் சகாயம், அந்த டைமர்…” என்று ஆரம்பித்துவிட்டேன். பையன் திரும்பினான், பயந்த கண், “சார்?” எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் இருக்கிறது, தமிழில் நானே ஒன்று வைத்திருக்கிறேன், தொங்கு முகவரி. முகவரி உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. போனால் இருப்பது வேறு ஆள். அவரிடம் நீங்கள் பழைய உரிமையில் பேசுகிறீர்கள். பேசினால் பரவாயில்லை. எழுதினால்தான் கேடு. பழைய ஆளுக்கு எழுத வேண்டியதைப் புது ஆளின் இடத்தில் எழுதிவிட்டால்? இதையும் நான் செய்திருக்கிறேன், கணினியில் அல்ல. நாகர்கோவிலில், அடக்கத்துக்கு மறுநாள், அவன் மனைவி ஜெசிந்தா கேட்டாள். “அண்ணே, கடைசியா அவிய என்ன சொன்னாவ?” தினசரி வாறேனைக் கழித்தால், என்னிடம் அவன் கடைசியாகச் சொன்னது, கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் சக்கைதான் இருக்கிறது என்பது. அதை எப்படிச் சொல்வது. வாயில் வந்ததைச் சொன்னேன், போயிட்டு வாறேன்னு சொன்னான்மா. அழுதாள். நான் ஏதோ நல்லது செய்த மாதிரி உணர்ந்துகொண்டு சென்னைக்கு ரயிலேறினேன். பிறகு படம் அனுப்பினாள். கறுப்புக் கல், மேலே சிலுவை, பெயர், பிறப்பு, இறப்பு, கீழே வெள்ளை எழுத்தில்: போயிட்டு வாறேன். பங்குத்தந்தைக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம், உயிர்த்தெழுதலை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லையாம். டிரைவரில் எழுதிய ஒரு குறிப்பு கல்லறையில் ஏறிவிட்டது. லோசனி அந்த வரியை நீக்கும்போது குறிப்பும் சேர்ந்துதான் போகிறது. போகட்டும், கல்லில் இருக்கிறது. கல்லிலிருந்து யாரும் நீக்க மாட்டார்கள். சொட். இதென்ன, சொட் சத்தத்தையா எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

“பாணி, எனக்குப் புரியுது” என்கிறார் இம்தியாஸ். மேஜையில் குப்புறக் கிடக்கும் போனைத் திருப்பிப் பார்க்கிறார், மறுபடி குப்புற வைக்கிறார். “சகாயம் எனக்கும் ஃப்ரெண்டுதான். ஆனா இது ஒரு சம்பிரதாயம் மாதிரிதான். உங்க சரி இருந்தா என் தலைவலி போகும்.” சரி. சொல்லிவிடலாம். நாக்கு மேலண்ணத்துக்குக்கூடப் போய்விட்டது. ஆனால் ஏன் வாறேன்? சென்னையில் பதினெட்டு வருஷம் இருந்தும் வரேன் என்று சொல்லப் பழகாதவன், வருகிறேன் என்பதை வாறேன் என்று நசுக்கியே சொன்னவன், ஆங்கில எழுத்தில் அடிக்கும்போதும் ஒரு எழுத்தைக் கூடுதலாகப் போட்டு வாறேன் என்றே அடித்திருக்கிறான். சாகப்போகிறவன் யாருக்கு எழுதுவான், மனைவிக்கு எழுதுவான், மகளுக்கு எழுதுவான், ஒரு டைமருக்கு மேலேயா எழுதுவான். டைமருக்கு மேலே. அந்தக் குறிப்பு எதற்கு மேலே நிற்கிறது? பிடிக்கு மேலே. பிடிக்குக் கீழே? அலாரம் டைமரை முடுக்குகிற வரி. குறிப்பு, பிடி, டைமர். அலாரம் டைமர் என்பது கணத்துக்குக் கணம் விழித்துப் பார்ப்பது. குழாயில் காற்று புகுந்ததா, மருந்து தீர்ந்ததா என்று பார்த்து, ஆமென்றால் கத்தச் சொல்வது. பம்பை நிறுத்தினால் டைமரையும் நிறுத்துகிறோம். நிறுத்துகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஏற்கெனவே விழித்துக் கிளம்பியிருந்தால்? கிளம்பியதை நிறுத்த முடியாது. போ என்றாலும் ஒரு முறை வந்து தலையை நீட்டிவிட்டுத்தான் போகும். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் கேட்டியா.

அடப்பாவி. அது விடைபெறுதல் இல்லை. அது தொழில்நுட்பக் குறிப்பு. தன்னைப் பற்றி எழுதவில்லை, டைமரைப் பற்றி எழுதியிருக்கிறான். இது போய்விட்டு இன்னும் ஒரு தடவை வரும், அதுவரை இடத்தை விடாதே, அதற்காக ஒரு பிடி. எத்தனை பேர் படித்தோம், மாடியே படித்தது, தமிழ் தெரிந்ததால் கெட்டோம். தமிழ் தெரியாத ஒருவன் அந்த மூன்று சொல்லை அகராதியில் பார்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். போய், விட்டு, வருகிறேன். நாம் அதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், நடுவில் ஒரு விடு இருப்பதே காதில் விழுவதில்லை. இலக்கணக்காரன் அதைத் துணைவினை என்பான், பொருளில்லை என்பான். இங்கே பொருள் இருக்கிறது. போகிறது, நடுவில் விட்டுவிடுகிறார்கள், பிறகு வருகிறது. லோசனியின் புது டிரைவர் எழுத்துக்கு எழுத்து அதுதான். நர்ஸ் ஒரு பம்பை நிறுத்துகிறாள். எண் பூஜ்யம். கெர்னல் அந்த இடத்தை எடுத்து, அந்தக் கணமே தொடங்குகிற அடுத்த பம்புக்குக் கொடுக்கிறது. இப்போது பழைய டைமர் வருகிறது, முகவரி கையில் இருக்கிறது, தன் பழைய வீடு என்று நினைத்து உள்ளே போய், வேலை முடிந்தது, இனி கத்த வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போகிறது. எழுதியது புது ஆளின் இடத்தில். பம்ப் ஓடும். விளக்கு பச்சையாக எரியும். அலாரம் மட்டும் ஊமை. விடு என்பதன் முதலெழுத்து நீண்டால் வீடு, முதனிலை திரிந்த தொழிற்பெயர், அதற்கு இல்லம் என்றும் பொருள், முக்தி என்றும் பொருள். நோயாளிக்கு எது கிடைக்கும் என்பது லட்சத்தில் ஒரு முறை இந்த நடு விடுவில் இருக்கிறது. அவன் பாதி எழுதியிருந்தான். பிடித்துவிட்டான், விடுவதை எழுதவில்லை. டைமரை நிறுத்த முடிந்தால் நிறுத்தியவன் விட வேண்டும். முடியாவிட்டால் அது வந்து பார்த்துவிட்டுத் தானே விட வேண்டும். அதை நாளைக் காலையில் வந்து எழுதுவான். கதவு வழியாகத் தலையை நீட்டி அதைத்தான் சொல்லியிருப்பான். நாளைக்கு மறந்துராத கேட்டியா என்று.

“சரி இல்லை” என்றேன். இம்தியாஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சொன்னேன், டைமர் ஒரு முறை திரும்ப வரும் என்பதை, பிடி அதற்கானது என்பதை, குறிப்பு விடைபெறுதல் அல்ல என்பதை. லோசனி சிரிக்கவில்லை, ஆனால் உதடு தயாராக இருந்தது. “அழகா இருக்கு பாணி. வெண்பா மாதிரி இருக்கு. ஆனா காலைலேந்து நான் நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டுட்டே இருக்கேன், ஒரு தடவைகூட விழல.” “விழாது. அதுதான் சொல்றேன். பெட்டி விழாது.” “அப்ப ப்ரூஃப் என்ன? செத்தவரோட பழக்கமா? கதவைத் திறந்து எட்டிப் பாப்பாருன்னு பக் ரிப்போர்ட்ல எழுதவா?” “எழுது.” “நல்லா இருக்கே. ரெஃபரன்ஸ்: நெத்திலி.” இம்தியாஸ் கையை உயர்த்தினார், இரண்டு பேரும் நிறுத்துங்க என்கிற மாதிரி. நிறுத்தினோம். அறை அமைதியாக இருந்தது. ஏசி சத்தம். கீழே பழைய மகாபலிபுரம் சாலையின் ஹார்ன். வேறு ஏதோ ஒன்று இல்லாமல் இருந்தது. ஒரு பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி என் காது எதையோ தேடிற்று. இந்தக் கூட்டம் முழுக்க என்னோடு இருந்த ஒன்று. என் யோசனைக்குத் தாளம் போட்ட ஒன்று.

மக்கைப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை. மேலே பார்த்தேன். இரண்டாவது பாட்டில் உள்பக்கமாக ஒட்டிச் சுருங்கியிருந்தது, காலி. குழாய் நெடுகக் காற்று. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கு, திரையில் மருந்து ஏறிக்கொண்டிருப்பதாக எண்கள், பொறுமையாக, ஒவ்வொன்றாக. பாட்டில் தீர்ந்த கணமே கத்தியிருக்க வேண்டும். அந்தச் சத்தம் சகாயம் தேர்ந்தெடுத்தது, மூன்று மாடிக்குக் கேட்கும், காது கேளாத மாமியாரையும் எழுப்பும் என்று பெருமைப்படுவான். லோசனியும் என் கண் போன வழியில் பார்த்தாள். எழுந்து வந்தாள், குழாயை விரலால் தொட்டாள், காற்று இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் நசுக்கிப் பார்த்தாள். “எப்பத் தீர்ந்துச்சு?” என்றாள். யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேர், மூன்று பேரும் இதைச் செய்தவர்கள், மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களுக்கே தெரியவில்லை. மக்குக்குப் பதில் ஒரு கை இருந்திருந்தால் என்று நினைக்கப் போனேன், நினைக்கவில்லை. “சாரி பாணி” என்றாள் லோசனி, என்னிடம் அல்ல, குழாயிடம். நான் ஜெயித்துவிட்டேன். டீ குடிக்கப் போகலாம். வரி இருக்கட்டும், விடும் இடத்தை நான் எழுதுகிறேன், என் பெயரில் எழுதுகிறேன், நல்ல வேளை இன்னும் வெளியே போகவில்லை என்று சொல்ல இம்தியாஸ் பக்கம் திரும்பினேன்.

அவர் போனைத் திருப்பிக் கையில் எடுத்திருந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை. “காலைலயே ஒரு எடத்துல ஏத்தியாச்சு” என்றார். “ஒரே ஒரு ஆஸ்பத்திரி. ரொம்ப சண்டை போட்டாங்க, பெட்டி விழுது விழுதுன்னு. நீங்க எப்படியும் சரின்னு சொல்லிடுவீங்கன்னு…” முடிக்கவில்லை. “எந்த வார்டு?” என்றாள் லோசனி. “குழந்தைங்க” என்றார், எண்ணை அழுத்திக்கொண்டே. மணி அடிப்பது எங்களுக்கும் கேட்டது. நீளமாக அடித்து, நின்று, மறுபடி அடித்தது. அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை. இம்தியாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார், போனைக் காதோடு அழுத்தியபடி கதவைத் திறந்தார், “பேசிட்டு வந்துடறேன்” என்றார். பேசிவிட்டு வந்துவிடுகிறேன். இரண்டு விடு. கதவு மூடிக்கொண்டது. லோசனி காலிக் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றாள், நான் உட்கார்ந்தபடியே இருந்தேன், இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அலாரம் இன்னும் அடிக்கவில்லை.